கருவாட்டு வெயில்

திருவொற்றியூர்
9 ஜனவரி 2023

செங்கொடிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து கட்டடப் பிளான் போடுகிறவளுக்கு என்ன குறை? போனில் பேசிப் பார்த்தோம். நீ கத்த, நான் கத்த, ஒவ்வொரு தடவையும் நம்மில் ஒருத்தி கட் பண்ணிவிட்டாள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் முழுக்கப் படிக்காமல் கிழிக்கிற ஆள் நீ இல்லை. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் ஆபீசில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாய் என்று பள்ளிக்கூடத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் குப்பத்துக்கு எதிரே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த கிடங்கை இடித்துவிட்டு ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். இருபத்திரண்டு மாடி ஓட்டல். நீச்சல் குளம், ஈச்ச மரம், கைகோத்துக்கொண்டு கடலைப் பார்க்கிற வெள்ளைக்கார ஜோடி. கீழே மூலையில் உன் கம்பெனி பெயர். "எங்க செங்கொடி போட்ட பிளானு" என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். பட்டாசு ஒன்றுதான் வெடிக்கவில்லை.

சாயங்காலமானால் அந்தப் பலகையின் நிழல் சாலையைத் தாண்டி எங்கள் மணல் ஓரத்தில் விழுகிறது. அந்த ஓரத்தில் கோவிந்தம்மா அக்கா காயப் போட்ட வாளை மீன் மட்டும் காயாமல் நசநசவென்று கிடந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தாள். "ஏமே வரா, படத்துக்கே இம்மாம் நிழலு கீதுன்னா, பில்டிங்கு வந்தா இன்னா ஆவும்?" என்றாள்.

வடக்கே இருந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தெற்கேயும் கல்தான். மிச்சம் இருப்பது இந்த ஒரு துண்டு மணல். மத்தியான வெயில் போய்விட்டால் இங்கே கருவாடு போடுகிற அத்தனை பெண்களுக்கும் பிழைப்பு போய்விடும். சங்கத்துக்கு என்னைத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

கட்டடத்தை நகர்த்து, குறை, என்ன வேண்டுமானாலும் செய். செய்யாவிட்டால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கதையை இனி எடுக்காதே.

கோபத்தோடு,
வரலட்சுமி

பின்குறிப்பு: உன் அம்மாவை வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் பார்த்தேன். இளைத்திருக்கிறார்கள். அதற்கும் உன் மேல்தான் கோபம்.


பெங்களூரு
17 ஜனவரி 2023

வரா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாவது தடவை பயம் வந்தது.

நிழலைப் பார்க்காமல் இல்லை. மணிக்கு மணி எங்கே விழும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போம். ஆனால் நான் கவலைப்பட்டதெல்லாம் ஓட்டலின் நீச்சல் குளத்தில் நிழல் விழக்கூடாது என்பதற்கு மட்டும்தான். குளத்தைத் தாண்டி எங்கே போய் விழுகிறது என்று நான் கேட்கவே இல்லை. திரையில் உங்கள் மணல் வெறும் மஞ்சள் பட்டை. அதன் மேல் நெத்திலியும் இல்லை, கோவிந்தம்மா அக்காவும் இல்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் தின்று வளர்ந்தவள்தானே நான்.

ஓட்டல் முதலாளி பெயர் அலெக்ஸாண்டர். எல்லா அறையிலிருந்தும் கடல் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. பஸ்ஸில் எல்லாருக்கும் ஜன்னல் ஓர சீட்டு கேட்கிற மாதிரி. அதனால் கட்டடம் கடலைப் பார்த்து அகலமாக, சுவர் மாதிரி நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல் சூரியன் அதன் முதுகுக்குப் போனதும் மணல் முழுக்க நிழல்தான்.

ஒரு வழி இருக்கிறது. தீப்பெட்டியை அகலவாக்கில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார். பிறகு அதையே திருப்பி, ஒடுக்கமான பக்கம் உன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்திப் பார். மாடி குறையாது, அறை குறையாது. கட்டடத்தைத் திருப்பினால் போதும். ஆனால் முதலாளி ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வெயிலுக்காக அவர் திருப்பமாட்டார். அவருக்கென்று ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் என்னிடம் இருக்கிறது. என்னவென்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் வருத்தப்படுவாய்.

மாதக் கடைசியில் மத்தியானம் மூன்று மணிக்கு அவரை மணலுக்கு அழைத்து வருகிறேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வழக்கம்போல உங்கள் வேலையைப் பாருங்கள். அது போதும்.

இது என் பெயரில் வருகிற முதல் உயரக் கட்டடம், வரா. அது உங்கள் தலையில் விழுந்ததாக இருக்க நான் விடமாட்டேன்.

செங்கொடி


திருவொற்றியூர்
25 ஜனவரி 2023

செங்கொடி,

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தீப்பெட்டியை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் டில்லிபாபு படகிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னாமே, கரண்டுதான் கீதே, எதுக்கு டார்ச்சு?" என்றார். "தோஸ்துக்கு பில்டிங்கு கட்டிகினு கீறேன், அந்தாண்ட போ" என்றேன். நீ சொன்னது சரி. அகலமாக நின்றால் பாய் முழுக்க நிழல். திருப்பினால் ஒரு கோடு மாதிரி.

என்ன ரகசியக் காரணம் வைத்திருக்கிறாயோ தெரியாது. ஆனால் பெரிய மனிதர் ஒருவரை நீ எங்கள் குப்பத்துக்கு அழைத்து வருகிறாய். அன்றைக்கு உன் மானத்தைக் காப்பாற்றுவது எங்கள் பொறுப்பு. சங்கத்தில் கூடிப் பேசிவிட்டோம். கோவிந்தம்மா அக்கா, "நம்ம பொண்ணு தலை குனியக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். நீ ஒன்றும் கவலைப்படாமல் வா.

பழைய கோபத்தில் பாதி குறைந்திருக்கிறது. மீதியைக் கட்டடம் திரும்பியதும் குறைத்துக்கொள்கிறேன்.

வரலட்சுமி


பெங்களூரு
3 பிப்ரவரி 2023

அடி பாவி வரா,

ரயிலேறி பெங்களூருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இப்போதுதான் எழுதவே கை வருகிறது.

உங்களை யார் சாம்பிராணி போடச் சொன்னது?

மூன்று மணி என்று நான் ஏன் நேரம் குறித்தேன்? அப்போதுதான் கடற்காற்று நன்றாக எழும்பி மணலைத் தாண்டி அந்த இடத்துக்கு வீசும். அலெக்ஸாண்டர் காரை விட்டு இறங்க வேண்டும், காற்று அடிக்க வேண்டும், காய்கிற நெத்திலி அவர் மூக்கில் ஏற வேண்டும். "சார், கடலைப் பார்த்து அகலமாகக் கட்டினால் உங்கள் அத்தனை பால்கனியிலும் தினமும் இதுதான். ஒடுக்கமான பக்கத்தைத் திருப்பிவிடலாம்" என்று நான் சொல்ல வேண்டும். இதுதான் என் ரகசியக் காரணம்.

இறங்கினால் மணலில் ஒரு மீன் செதில் கூட இல்லை! பெருக்கி, பன்னீர் தெளித்து, சாலை ஓரத்தில் கலர்க் கோலம். கன்டெய்னர் லாரிப் புகை தோற்றுப்போகிற மாதிரி சாம்பிராணிப் புகை. கோவிந்தம்மா அக்கா கையில் மல்லிகைப்பூ மாலை. நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரோஸ்மில்க் தருகிறாய். அந்த மனுஷன் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "செங்கொடி, என்ன ஒரு வாசனைங்க இந்த இடம்! பால்கனியை இன்னும் ரெண்டடி நீட்டிடுங்க" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உன்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். எட்டாவதில் கருவாட்டு வாடை என்று பிள்ளைகள் உன் பக்கத்தில் உட்காராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்களே, அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி என்று என் பக்கத்திலும் யாரும் உட்காரவில்லை. அப்படித்தான் நாம் ஒரே பெஞ்சுக்கு வந்தோம். அந்த வாடையை வைத்து நான் ஒரு முதலாளியிடம் பேசப் போகிறேன் என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மாசி பிறப்பதற்குள் பிளானை முடித்து அனுமதிக்கு அனுப்ப வேண்டும். அகலமாகத்தான் போகும். நீட்டிய பால்கனியோடு.

செங்கொடி


திருவொற்றியூர்
10 பிப்ரவரி 2023

செங்கொடி,

உன் கடிதத்தைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். கோவிந்தம்மா அக்கா சிரிக்க ஆரம்பித்தாள் பார், அவ்வளவுதான், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். அந்தக் கருவாட்டை ஒளித்து வைக்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? பாதி டில்லிபாபு படகில் வலைக்கு அடியில். மீதி அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அவள் வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய்ப் படுத்தார்.

நாங்கள் பயந்தது வேறு. நாற்றம் என்று அந்த ஆள் சொல்லிவிட்டால் கருவாட்டையே காலி பண்ணச் சொல்வான் என்று பயந்தோம். நீ சொல்லியிருக்கலாம். நான் வருத்தப்பட்டிருப்பேன், அது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடிக்காத ஒரே மூக்கு உன்னுடையது. நீ சொன்னால் எனக்கு வலிக்காது, லூசு.

இப்போது நடந்ததைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை அலெக்ஸாண்டர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். வாசனையான குப்பத்தைக் காட்ட வந்திருக்கிறார்! மணல் முழுக்க நெத்திலி, சென்னாகுன்னி, வாளை. காற்று வாடையை அடித்துத் தூக்குகிறது. அந்த அம்மா முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். அவர் கர்ச்சீப்பை எடுத்தார்.

"அன்னைக்கு இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

கோவிந்தம்மா அக்கா மறைக்கவே இல்லை. "ஒளிச்சு வெச்சோம் சார். உனுக்கு பயந்துகினுதான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை பணம் போட்டுக் கட்டறேன். இதை வேற எங்கயாவது மாத்த முடியாதா?" என்றார்.

சும்மா இருந்தால் கதை முடிந்தது என்று தெரிந்தது. "நாங்க எங்க சார் போறது? அந்தாண்டயும் கல்லு, இந்தாண்டயும் கல்லு. காத்தும் எங்கியும் போவாது, கடல்லேந்து தான் வரும். உங்க பில்டிங்கு ஒண்ணுதான் இன்னும் வரல. திரும்பிக்கறதுக்கு அதுக்குத்தான் சார் டைம் கீது" என்றேன்.

பிறகு டில்லிபாபுவின் தீப்பெட்டியை வாங்கி மணலில் நிறுத்தினேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. அகலமாக வைத்தேன், திருப்பி வைத்தேன். அவரும் குனிந்து ஒரு தரம் திருப்பி வைத்தார். அப்புறம் தீப்பெட்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார். அவர் மனைவி மட்டும் திரும்பி வந்து, "நெத்திலி நல்லா காஞ்சதா ஒரு கிலோ குடும்மா" என்று வாங்கிப் போனார்.

நல்லதா கெட்டதா, தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் எழுது.

வரலட்சுமி


பெங்களூரு
20 பிப்ரவரி 2023

வரா,

சோறு சாப்பிடு. கட்டடம் திரும்பிவிட்டது.

அலெக்ஸாண்டர் நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். பெரிய மேஜை நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்தார். எல்லாரும் என்னவோ ஏதோ என்று பார்த்தோம். அதை ஒரு விரலால் திருப்பி வைத்துவிட்டு, "கடற்கரையில நடந்துக்கிட்டிருந்தப்ப எனக்கு ஒரு யோசனை தோணிச்சு" என்று ஆரம்பித்தார்! அவருக்குத் தோன்றியதாம். எங்கள் கம்பெனிப் பெரியவர், "பிரமாதம் சார், இது எங்களுக்கே தோணலையே" என்று கை குலுக்கினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகட்டும். யோசனை அவருடையதாக இருந்தால் அவரே அதைக் காப்பாற்றுவார்.

இப்போது ஒடுக்கமான பக்கம் கடலைப் பார்க்கிறது. அங்கே மட்டும் மாடிக்கு மாடி ஒரு பெரிய அறை, முழுக் கண்ணாடி போட்டு. மற்ற அறைகள் ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்கும், இன்னொரு பக்கம் எண்ணூர்ப் பக்கத்துக் கரையை. ஒவ்வொரு பால்கனிக்கும் கடல் பக்கமாக ஒரு சுவர் நீட்டியிருக்கிறேன். காற்று அதில் முட்டிக்கொண்டு போய்விடும். கடல் சாய்வாகத் தெரியும். முன்னே போட்டதைவிட இது அழகாக இருக்கிறது. பழையது ஒரு பெரிய அலமாரி மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிழல் அடியோடு போகாது. ஒரு பட்டை விழும். மத்தியானத்தில் வடக்கே தொடங்கி, சாயங்காலத்துக்குள் தெற்காக நகர்ந்துகொண்டே போகும். மார்கழியில் இன்னும் கொஞ்சம் அகலமாகும். எந்த இடத்திலும் ரொம்ப நேரம் நிற்காது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை, வரா. அக்காவிடமும் மற்றவர்களிடமும் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் நான் மறுபடி போய்ச் சண்டை போடுகிறேன். வேலை போனாலும் சரி.

செங்கொடி


திருவொற்றியூர்
1 மார்ச் 2023

செங்கொடி,

கேட்டேன். நகர்ந்துகொண்டே இருக்கிற நிழலில் மீன் கெடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வேலையை விட்டுவிடாதே. பிறகு இன்னொரு ஓட்டல்காரன் வந்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வரலட்சுமி


திருவொற்றியூர்
18 நவம்பர் 2024

செங்கொடி,

கட்டடம் கடைசி மாடிக்கு வந்துவிட்டது. நீ போட்ட கணக்கு சரிதானா? நிழல் நீ சொன்னதைவிட ரொம்ப அகலமாக விழுகிறது. கோவிந்தம்மா அக்கா தினமும் என் வீட்டு வாசலில் நின்று, "இன்னாமே, உன் தோஸ்து நம்மளுக்கு அல்வா குட்த்துட்டாளா?" என்கிறாள். மற்றவர்கள் கேட்காமல் பார்க்கிறார்கள். அது இன்னும் பேஜாராக இருக்கிறது. நான்தான் உன்னை நம்பச் சொன்னேன்.

வரலட்சுமி


பெங்களூரு
26 நவம்பர் 2024

வரா,

சுற்றிலும் சாரம் கட்டி, அதற்கு மேல் பச்சை வலை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிரேன் வேறு. அதெல்லாம் சேர்ந்துதான் அகலம். அதோடு மழை மாதத்தில் சூரியனும் தெற்கே சாய்ந்திருக்கிறது.

இப்படித்தான் உனக்குத் தைரியமாக எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று வருஷத்தின் எல்லா மத்தியானத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. இருந்தாலும் பயம் போகவில்லை. கணக்கு தப்பினால் கட்டடத்தை மறுபடி திருப்ப முடியாது. சாரம் பிரிக்கிற வரைக்கும் அக்காவை எப்படியாவது சமாளி.

செங்கொடி


திருவொற்றியூர்
12 மார்ச் 2025

என் செங்கொடிக்கு,

போன வாரம் சாரத்தைப் பிரித்தார்கள். பச்சை வலை இறங்க இறங்க உள்ளேயிருந்து ஒரு மெல்லிசான கட்டடம் வெளியே வந்தது. சோக்காக இருக்கிறது. படகிலிருந்து பார்த்தால் ஒரு கோடு நிற்கிற மாதிரி தெரிகிறது என்று டில்லிபாபு சொன்னார்.

நேற்று மத்தியானம் குப்பமே மணலில் வந்து நின்றது. வேண்டுமென்றே நெத்திலியை மணல் விளிம்பு வரைக்கும் விரித்து வைத்திருந்தோம். நிழல் சாலையைத் தாண்டி, வடக்குக் கல் ஓரத்தில் மணலுக்குள் இறங்கியது. இரண்டு படகை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவுதான் அகலம். அந்தப் பக்கமும் வெயில், இந்தப் பக்கமும் வெயில். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நகர்ந்தது. முன்னே நிழலில் இருந்த நெத்திலி மேல் மறுபடி வெயில் அடித்தது. நான் அழுதுவிட்டேன். அதை யாரிடமும் சொல்லாதே, தலைவி என்கிற மரியாதை போய்விடும்.

சாயங்காலம் வாரி எடுத்துப் பார்த்தோம். ஒரு மீன் கெடவில்லை. முறுக்கு மாதிரி ஒடிகிறது.

இன்றைக்குத்தான் புதுத் தகராறு. காலையில் வந்து பார்க்கிறேன், நிழல் எங்கே விழுமோ அங்கே கோவிந்தம்மா அக்கா முன்கூட்டியே சாக்கை விரித்து இடம் பிடித்திருக்கிறாள். மத்தியானமானதும் மீன் வெயிலில், அவள் நிழலில். நிழல் நகர்ந்தால் சாக்கோடு அவளும் நகர்கிறாள். இவ்வளவு வருஷமாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் குனிந்து கிடந்தோமே, இந்த மணலில் உட்கார்ந்து மீன் பிரிக்க ஒரு நிழல் வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரே தள்ளுமுள்ளு. யார் எப்போது உட்காருவது என்று சங்கத்தில் முறை வைக்க வேண்டியதாகிவிட்டது.

அக்காவுக்கு அதிலும் திருப்தி இல்லை. "ஏமே வரா, செங்கொடிக்கு எழுதறச்சே கேளு. மத்தியானத்துக்கு இது போதும். காலைல குந்தறதுக்கு கிழக்கால இதே மாதிரி மெல்லிசா இன்னொரு ஓட்டலு கட்டுவாளா?" என்றாள்.

"கிழக்கால கடலுதான்க்கா கீது" என்றேன்.

"கடல்லதான் கட்டட்டுமே, நம்ம பொண்ணுதானே" என்கிறாள்.

நான் கேட்டு எழுதிவிட்டேன். பதிலை நீயே வந்து அவளிடம் சொல்.

உன்
வரா